பட்டம் ஒன்று, வாயில் இரண்டு



2025ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒரு மாலைப்பொழுது. கொரட்டூரில் என் வீட்டு வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தேன். ஏரிப்பக்கத்திலிருந்து காற்று வரத் தொடங்கும் நேரம். எதிர்வீட்டுப் பெண் கையில் ஒரு தாளுடன் வந்து நின்றாள். அவ்வாண்டு அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்தவள் அவள். அவளுடைய தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுபவர். முன்னொரு காலத்தில் என்னிடம் வரலாறு படித்தவர். பட்டறை வேலையையும் வரலாற்றுப் பாடத்தையும் எப்படியோ ஒன்றுசேர நினைவில் வைத்திருப்பவர். மகளுக்கு ஐயம் வந்தால் என்னிடம் அனுப்பிவிடுவார்.

"ஐயா, நான் சட்டம் படிக்கப் போகிறேன். ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று இருக்கிறதாம். மூன்றாண்டுப் படிப்பு ஒன்றும் இருக்கிறதாம். இரண்டில் எது பெரிய பட்டம்?" என்று கேட்டாள்.

எது பெரிய பட்டம்! எளிய கேள்விதான். ஆயினும் அது அவள் வயதைவிட மிகப் பழைய கேள்வி. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் அதற்குத் திட்டவட்டமான விடை இருந்தது. இன்ன தகுதி உடையவன் இன்ன நீதிமன்றத்தில்தான் வாய் திறக்கலாம் என்று சட்டமே வரம்பு கட்டியிருந்தது. அந்த விடை எப்படி உண்டாயிற்று, எப்படி மறைந்தது என்பதை அறிந்தாலன்றி, அவளுக்கு மறுமொழி சொல்ல இயலாது என்று எனக்குத் தோன்றிற்று. வானொலி நிலையத்தார் என்னைப் பேச அழைத்தபோது, அன்று மாலை அவளிடம் சொன்னவற்றையே உங்களிடமும் சொல்லலாம் என்று துணிந்தேன்.

கும்பெனியார் ஆட்சியில் நம் நாட்டில் இரண்டு வகை நீதி நடந்தது. சென்னைப் பட்டணத்தின் எல்லைக்குள், 1801ஆம் ஆண்டில் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டு ஆங்கிலச் சட்டப்படி வழக்குகளை விசாரித்தது. அங்கே பேச உரிமை பெற்றவர்கள் சீமையிலிருந்து வந்த பாரிஸ்டர்கள். அந்த எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களுக்குக் கும்பெனியின் சதர் அதாலத்தும் அதன்கீழ் உள்ள கோர்ட்டுகளும் இருந்தன. அங்கே பேசியவர்கள் வக்கீல்கள். எங்கள் கொரட்டூர் பட்டணத்துக்கு அருகில் இருந்தும் பட்டணத்தைச் சேராத ஊர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமம். ஆகவே கொரட்டூர்க் குடியானவன் ஒருவனுடைய வரப்புத் தகராறு ஒரு வகை நீதியைச் சேர்ந்தது. சில கல் தொலைவில் ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருந்த வணிகனுடைய வழக்கு வேறு வகை நீதியைச் சேர்ந்தது.

1862ஆம் ஆண்டில் இவ்விரண்டு நீதிமுறைகளும் ஒன்றாகிச் சென்னை உயர்நீதி மன்றம் பிறந்தது. ஆனால் பழைய பிளவு புதிய கட்டடத்துக்குள்ளும் குடிபுகுந்தது. பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல், முதல்நிலைப் பிளீடர், இரண்டாம்நிலைப் பிளீடர் என்று சட்டத் தொழிலில் படிமேல் படியாகப் பல நிலைகள் இருந்தன. 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலாளர் சட்டம் இப்படிகளை ஒழுங்குபடுத்தியதே தவிர ஒழிக்கவில்லை.

பாரிஸ்டர் ஆவதற்கு இலண்டனில் உள்ள நான்கு சட்டச் சங்கங்களுள் ஒன்றில் சேர வேண்டும். தேர்வு எழுதுவதோடு, பருவந்தோறும் குறித்த எண்ணிக்கையில் அச்சங்கத்தின் விருந்துகளில் அமர்ந்து உண்டிருக்கவும் வேண்டும்! சைவ உணவு உண்ணும் காந்தியடிகள் இன்னர் டெம்பிள் சங்கத்தின் விருந்து மேசையில் அமர்ந்து பட்ட சங்கடத்தைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் பாரிஸ்டரானது 1891ஆம் ஆண்டு ஜூன் மாதம். கப்பற் பயணத்துக்கும் இலண்டன் வாழ்க்கைக்கும் பொருள் படைத்தவர்களுக்கே அந்த வாயில் திறந்திருந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

வக்கீல் ஆவதற்குச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பி.எல். பட்டம் வேண்டும். பல்கலைக் கழகம் 1857ஆம் ஆண்டில் தோன்றியது. சட்ட வகுப்புகள் முதலில் மாநிலக் கல்லூரியிலேயே நடந்தன. காந்தியடிகள் பாரிஸ்டரான அதே 1891ஆம் ஆண்டில்தான் சென்னையில் சட்டத்துக்கென்று தனிக் கல்லூரி அமைந்தது. அதன் செந்நிறக் கட்டடம் உயர்நீதி மன்றத்தை அடுத்து 1899ஆம் ஆண்டில் எழுந்தது. அந்த இடம் அதற்கு முன் ஆங்கிலேயருடைய பழைய இடுகாடு. இன்றைய யேல் பல்கலைக் கழகத்துக்குத் தம் பெயரை ஈந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்தவர். அவர் தம் இளமகனை அடக்கம் செய்த சமாதிக் கூம்பு அக்கல்லூரி வளாகத்தில்தான் நின்றது. அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஒன்றின் பெயரும் நம் சட்டக் கல்லூரி வளாகமும் ஒரு குழந்தையின் கல்லறையால் உறவு கொண்டிருப்பதை எண்ணி வியந்திருக்கிறேன். இது நிற்க.

பி.எல். பட்டமும் பெற முடியாதவர்களுக்குப் பிளீடர் தேர்வு இருந்தது. அதில் தேறியவர்கள் சன்னது பெற்று, தத்தம் நிலைக்கேற்ற கோர்ட்டுகளில் தொழில் செய்தார்கள். இரண்டாம்நிலைப் பிளீடருக்கு மாவட்ட முன்சீப் கோர்ட்டு போன்ற கீழ்மன்றங்களே எல்லை. உயர்நீதி மன்றத்தின் படியில் அவர் வழக்கறிஞராக ஏற முடியாது. அவர் கட்சிக்காரரின் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனால், வழக்கின் நுணுக்கம் எல்லாம் அறிந்த அவர் ஒதுங்கி நிற்க, வேறொருவர் எழுந்து பேசுவார்.

அவ்வாறு இரண்டாம்நிலைப் பிளீடராகத் தொழில் தொடங்கியவர்களுள் ஒருவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1895ஆம் ஆண்டில் ஒட்டப்பிடாரத்தில் வழக்காடத் தொடங்கிப் பின் தூத்துக்குடிக்குச் சென்றார். ஏழைகளுக்காகப் பேசி, காவல் துறையாரின் பொய்வழக்குகளை உடைத்துப் பெயர் பெற்றார். 1908ஆம் ஆண்டில் அரச நிந்தனைக்காகத் தண்டிக்கப்பட்டபோது அவருடைய சன்னது பறிபோயிற்று. சிறை மீண்ட பின், வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் அதனைத் திரும்பப் பெற்றார். அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கப்பல் ஓட்டிய பெருமகனுக்கும் அந்த ஒரு துண்டுச் சன்னது எத்துணை இன்றியமையாததாக இருந்தது என்பதை இப்பெயர் காட்டும். மாகாணத்தையே குலுக்கிய அந்த நாவுக்கு, நீதிமன்றப் படிவரிசையில் கிடைத்திருந்த இடமோ அடியில் இருந்த படி.

படியின் அடியிலிருந்து உச்சிக்கு ஏறியவர்களும் உண்டு. திருவாரூர் முத்துசாமி ஐயர் இளமையில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக இருந்தவர். பிளீடர் தேர்வில் தேறி முன்சீப் ஆகி, அரசுப் பணியில் இருந்துகொண்டே பின்னாளில் சட்டப் பட்டமும் பெற்று, 1877ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதி மன்ற நீதிபதியானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். 1893ஆம் ஆண்டில் தலைமை நீதிபதியாகவும் தற்காலிகமாகப் பணிபுரிந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நீங்கள் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியராக அறிவீர்கள். பல்கலைக் கழகச் சட்டப் பட்டம் எதுவும் இல்லாத மாவட்ட முன்சீப் அவர். ஆங்கிலம் அறியாத வக்கீல்களும் குடிமக்களும் இருட்டில் தடுமாறுவதைக் கண்டு, சதர் கோர்ட்டின் தீர்ப்புக்களைத் தமிழில் பெயர்த்து 1862ஆம் ஆண்டில் வெளியிட்டார். சட்டத்தைத் தமிழில் தந்தவர்களுள் முன்னோடி அவரே எனலாம்.

பெண்களுக்கோ இப்படிகளில் எதுவுமே இல்லை. 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றே, பெண் என்ற காரணத்தால் ஒருவரைச் சட்டத் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று விதித்தது. அதன் பின்னர் 1929ஆம் ஆண்டில் ஆனந்தபாய் அம்மையார் சென்னை உயர்நீதி மன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். இதை நான் சொன்னபோது எதிர்வீட்டுப் பெண் அந்த ஆண்டைத் தன் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

படிகள் ஒரே நாளில் இடியவில்லை. 1926ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில் சட்டம் உயர்நீதி மன்றத்தில் பாரிஸ்டருக்கும் வக்கீலுக்கும் இடையே இருந்த வேற்றுமையைப் பெரிதும் போக்கியது. பிளீடர்கள் கீழேயே நின்றார்கள். விடுதலைக்குப் பின் 1961ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் வழக்கறிஞர் சட்டம் நிறைவு பெற்றது. இனி இந்த நாட்டில் சட்டத் தொழில் செய்வோர் ஒரே வகுப்பினர். அவருக்கு 'அட்வகேட்' என்று ஒரே பெயர். இந்தப் பிரிவு 1969ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற வழக்கறிஞர் எவரும் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் பேசலாம் என்னும் மற்றொரு பிரிவோ, 2011ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாளில்தான் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. எழுதப்பட்ட உரிமை நடைமுறைக்கு வர அரை நூற்றாண்டு! சட்டங்கள் மெல்ல நடக்கும் என்பதை அறிந்த எனக்கே இது சற்று அதிகமாகத் தோன்றுகிறது.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். தகுதிகளின் படிகள் ஒழிந்தன. ஆனால் தகுதி பெறும் வழிகள் மாறிக்கொண்டே இருந்தன. பழைய பி.எல். இரண்டாண்டுப் படிப்பு. கலை அல்லது அறிவியல் பட்டம் பெற்றவர்கள் அதில் சேர்ந்தார்கள். அதன்பின் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சியும் உண்டு. 1967ஆம் ஆண்டுக்குப் பின் அது மூன்றாண்டாயிற்று. பட்டம் பெற்ற முதிர்ந்த மனமே சட்டம் பயில ஏற்றது என்பது அக்காலத்துப் பெரியோர் கருத்து. செதல்வாத் அவர்கள் தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் 1958ஆம் ஆண்டில் தன் பதினான்காம் அறிக்கையில் நாட்டின் சட்டக் கல்வி சீர்கெட்டுக் கிடப்பதைக் கடுமையாகச் சாடியது. பட்டதாரிகளையே சட்ட வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் கூறியது.

ஆனால் அனுபவம் வேறொன்றைக் காட்டியது. வேறு வேலை கிடைக்காதவர்கள், எங்கேயாவது வேலை பார்த்துக்கொண்டே பொழுது மிஞ்சியவர்கள், என்ன செய்வதென்று தெரியாதவர்கள் சட்டக் கல்லூரியை ஒரு தங்குமிடமாகக் கொண்டார்கள் என்ற குறை பெருகியது. மருத்துவமும் பொறியியலும் படிப்பவன் பள்ளியிலிருந்து நேரே போகிறான். சட்டம் மட்டும் ஏன் எஞ்சியோருக்கு எஞ்சியதாக இருக்க வேண்டும்? இவ்வாறு கேட்ட இந்திய பார் கவுன்சில், 1982ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பைக் கொண்டுவந்தது. மூன்றாண்டுப் படிப்பை நாளடைவில் ஒழித்துவிடுவதே அதன் நோக்கம். எதிர்ப்பு எழுந்தது, இரண்டும் நிலைத்தன. ஐந்தாண்டு முறைக்குப் புகழ் தேடித் தந்தது 1987ஆம் ஆண்டில் பெங்களூரில், மாதவ மேனன் அவர்களின் முயற்சியால் தோன்றிய தேசியச் சட்டப் பள்ளி. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் பெயரால் சட்டப் பல்கலைக் கழகம் 1997ஆம் ஆண்டில் அமைந்தது. திருச்சிராப்பள்ளியில் தேசியச் சட்டப் பள்ளி ஒன்று 2012ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. இவ்வாறு ஒரே தொழிலுக்கு இரண்டு வாயில்கள் உண்டாயின. 2024ஆம் ஆண்டில் மூன்றாவது வாயில் ஒன்றையும் சிலர் வேண்டினார்கள். பள்ளி முடிந்தவுடன் மூன்றே ஆண்டில் சட்டப் பட்டம் தரலாகாதா என்பது அவர்கள் கோரிக்கை. இங்கிலாந்தில் அம்முறைதான் உள்ளது. உச்சநீதி மன்றம் அதனை ஏற்கவில்லை.

பிற நாடுகளையும் ஒருகணம் பாருங்கள். அமெரிக்காவில் பட்டம் பெற்றவரே மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வர். இலங்கையில் 1874ஆம் ஆண்டில் தோன்றிய சட்டக் கல்லூரி ஒருபுறம், பல்கலைக் கழகத்தின் சட்டப் பட்டம் மற்றொருபுறம். பட்டம் பெற்றவரும் தொழில் செய்யச் சட்டக் கல்லூரியின் தேர்வுகளை எழுதியாக வேண்டும். எந்த வயதில் ஒருவன் சட்டம் படிக்கத் தொடங்க வேண்டும் என்பதில் உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை.

பட்டத்தின் பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. சென்னையில் நெடுங்காலம் பி.எல். என்றார்கள், பம்பாய் முதலிய இடங்களில் எல்.எல்.பி. என்றார்கள். இரண்டு 'எல்' உள்ளது உயர்ந்தது என்று எண்ணித் திருமணப் பேச்சில் ஒரு சவரன் கூடுதலாகக் கேட்டவர்களையும் நான் அறிவேன்! இலத்தீன் மொழியில் பன்மையைச் சுருக்கி எழுதும்போது முதலெழுத்தை இரட்டிப்பது வழக்கம். 'சட்டங்கள்' என்ற பன்மைக்கு அடையாளமே அந்த இரண்டாவது எழுத்து. இப்போது நம் மாநிலத்திலும் எல்.எல்.பி. என்றே வழங்குகிறது. பி.ஜி.எல். என்று ஒரு பட்டமும் உண்டு. அஞ்சல்வழியிலும் அதைப் படித்தார்கள். அறிவுக்கும் அலுவலக உயர்வுக்கும் அது உதவலாம். அதைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது. இதனை அறியாமல் பணத்தையும் ஆண்டுகளையும் இழந்தவர்கள் உண்டு.

"ஆகவே அம்மா, பெரிய பட்டம், சிறிய பட்டம் என்பது இல்லை" என்று நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "இரண்டு வாயிலில் எதன் வழியே வந்தாலும் அகில இந்திய பார் தேர்வு ஒன்றே. அணியும் கறுப்பு அங்கி ஒன்றே. நீதிபதி எவரும் உன்னை எத்தனை ஆண்டு படித்தாய் என்று கேட்கப் போவதில்லை."

"அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, ஐயா?"

இங்கேதான் நான் ஆசிரியர் தோரணையில் நீண்ட விளக்கம் தொடங்கினேன்.

ஐந்தாண்டுப் படிப்பில் ஓர் ஆண்டு மிச்சம். மூன்றாண்டுப் பட்டமும் மூன்றாண்டுச் சட்டமும் சேர்ந்தால் ஆறு. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்சநீதி மன்றம் அந்த மே மாதம் 20ஆம் நாளில்தான் தீர்ப்பளித்திருந்தது. நீதிபதி நாற்காலியை நாடுவோருக்கு அந்த ஓர் ஆண்டும் பொருட்படுத்தத் தக்கது. மேலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2021ஆம் ஆண்டில் வந்தது. அதில் சட்டப் படிப்பும் அடங்கும். பள்ளியிலிருந்து நேரே செல்பவளுக்கு இது கைகொடுக்கும்.

மற்றொரு வாயிலுக்கும் தனிச் சிறப்பு உண்டு. வேதியியல் படித்துவிட்டுச் சட்டம் படிப்பவர் இரண்டு மொழி அறிந்தவர் போன்றவர். எங்கள் கொரட்டூர் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து ஊர்மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடினார்கள். அத்தகைய வழக்கில் சட்டப் பிரிவு மட்டும் தெரிந்தால் போதாது. நீரில் என்ன கலந்திருக்கிறது, அது மீனையும் மனிதனையும் என்ன செய்யும் என்பதும் தெரிய வேண்டும். காப்புரிமை முகவராகப் பணிபுரிய விரும்புவோர் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது காப்புரிமைச் சட்டத்தின் விதி. பி.ஏ. பட்டத்தோடு இணைந்த ஐந்தாண்டுப் படிப்பு அந்தக் கதவைத் திறக்காது. வணிகக் கணக்கு படித்தவர் வரி வழக்குகளில் விரைந்து காலூன்றுவதையும் காண்கிறோம். நரை கண்டபின் ஆசை வந்து மூன்றாண்டு வகுப்பில் பேரன் வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்திருப்பவர்களும் உண்டு. ஐந்தாண்டுப் படிப்பு மட்டும் இருந்திருந்தால் அவர்களுக்கு வழியே இல்லை.

இவற்றைவிட முக்கியமான ஒன்றை நான் இறுதியில் சொன்னேன். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பில் இடையில் நுழையவும் முடியாது. இடையில் பட்டத்தோடு வெளியேறவும் முடியாது. மூன்றாம் ஆண்டு முடிவில் குடும்பத்துக்கு ஏதேனும் நேர்ந்து படிப்பை நிறுத்தினால், பி.ஏ. பட்டம்கூடக் கையில் இராது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடுதான் வீடு திரும்ப வேண்டும். மூன்றும் மூன்றுமாகப் படித்தால் நடுவழியில் ஒரு திண்ணை இருக்கிறது, மூச்சு வாங்கலாம், வேண்டுமானால் அங்கேயே தங்கியும் விடலாம். அவள் தந்தையின் பட்டறை வருமானம் எனக்குத் தெரியும். படிக்கத் தம்பி ஒருவனும் இருக்கிறான். "ஆகையால் முதலில் ஒரு பட்டம் வாங்கிக்கொள், அம்மா, சட்டம் எங்கும் ஓடிவிடாது" என்று முடித்தேன். சரியான அறிவுரை சொல்லிவிட்ட நிறைவோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

அவள் உடனே பேசவில்லை. தாளை மடித்தாள், பிரித்தாள். பிறகு, "ஐயா, ஒன்று கேட்கலாமா? நீங்கள் பி.ஏ. முடித்ததும் சட்டக் கல்லூரி விண்ணப்பம் வாங்கி வைத்திருந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். ஏன் சேரவில்லை?" என்றாள்.

நான் திகைத்தேன். உண்மைதான். 1978ஆம் ஆண்டு. அப்போது ஐந்தாண்டு வாயில் கிடையாது. கொரட்டூர் நிலையத்தில் ரயிலேறி மத்திய நிலையத்தில் இறங்கி, உயர்நீதி மன்றத்தின் செந்நிறக் கோபுரங்களைப் பார்த்தபடியே நடந்து போய்ச் சட்டக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கி வந்தேன். அந்த வாரமே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. பட்டம் கையில் இருந்தது. சம்பளம் வாசலில் நின்றது. வீட்டில் தங்கை திருமணம். ஓராண்டு போகட்டும் என்றார் என் தந்தை. நானும் ஓராண்டுதானே என்று எண்ணினேன். விண்ணப்பத் தாள் பெட்டியின் அடியில் பழுத்துப்போயிற்று.

"நடுவழியில் திண்ணை இருக்கிறது என்றீர்களே, ஐயா" என்றாள் அவள். "எனக்கு அந்தத் திண்ணைதான் பயமாக இருக்கிறது. மூன்றாண்டில் ஒரு பட்டம் வந்துவிட்டால், போதும், வேலைக்குப் போ என்பார்கள். அல்லது மாப்பிள்ளை பார்ப்பார்கள். அப்புறம் இன்னும் மூன்று ஆண்டு என்று நான் எப்படிக் கேட்பேன்? ஐந்தாண்டில் சேர்ந்துவிட்டால், நடுவில் நிறுத்தினால் எல்லாம் வீணாகிவிடுமே என்று அவர்களே முடிக்க விடுவார்கள்."

நண்பர்களே, நான் ஆபத்து என்று கருதிய விதியை அவள் அரண் என்று கண்டிருந்தாள். விதி நூல்களைப் படித்த எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும், என் பெட்டியின் அடியிலேயே அதற்குச் சான்று கிடந்ததே.

அவள் தந்தை அப்போதுதான் பட்டறையிலிருந்து திரும்பினார். கையில் எண்ணெய்க் கறை போகவில்லை. "வாத்தியார் ஐயா என்ன சொன்னார்?" என்று மகளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான், "ஐந்தாண்டு உன்னால் தாங்க முடியுமா, அப்பா? இடையில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஒன்றும் மிஞ்சாது" என்றேன். அவர் சிறிது நேரம் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பின்பு, "கல்லூரி எந்தப் பக்கம், ஐயா? பாரிமுனைதானே?" என்று கேட்டார்.

பாரிமுனை அன்று என்று விளக்கினேன். 2018ஆம் ஆண்டிலேயே அந்தப் பழைய கட்டடத்தைவிட்டுக் கல்லூரி வெளியேறி இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒன்று கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்தில். மற்றொன்று திருவள்ளூரை அடுத்த பட்டறைப்பெரும்புதூரில். "பட்டறைப்பெரும்புதூரா?" என்று அவர் சிரித்தார். "பெயரிலேயே பட்டறை இருக்கிறதே!" 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு முதல் ரயில் ஓடிய அதே தடம்தான் எங்கள் ஊர் வழியே திருவள்ளூர் செல்வது. நான் கிழக்கே சென்ற ரயிலில் அவள் மேற்கே செல்ல வேண்டியிருக்கும். அங்கே இடம் கிடைக்கிறதோ, புதுப்பாக்கத்தில் கிடைக்கிறதோ, அது மதிப்பெண்ணைப் பொறுத்தது.

விளக்கை ஏற்றிக்கொண்டு மூவரும் விண்ணப்பத்தைப் படிக்கத் தொடங்கினோம். தந்தையின் ஆண்டு வருமானம் என்ற இடத்தில் அவர் சற்றுத் தயங்கினார். பிறகு தொகையைச் சொன்னார், அவள் எழுதினாள்.